பொறி அடங்கியது

அறுவை அரங்கின் மூலையில் சக்கரக் கால்களில் நின்ற அந்தப் பெட்டிக்கு இறந்த தேதி கிடையாது. ஒருநாள் மிதியை அழுத்தியபோது அது இரையவில்லை, அவ்வளவுதான். பார்க்க வந்த மெக்கானிக், "இதுக்கு இனிமே ஸ்பேர் வராது சார், புதுசு வாங்கிடுங்க" என்றார். ஸ்டோர் பதிவேட்டில் அதன் எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் 'கண்டம்', அதாவது இனி உதவாது, என்று எழுதினார்கள். வார்டுக்குப் பின்னால், உடைந்த கட்டில்களும் துருப்பிடித்த ட்ரிப் ஸ்டாண்டுகளும் கிடந்த கொட்டகையில் சில மாதம் சாரல் பட்டு நின்றது. பிறகு ஏலத்தில் எடைக்குப் போயிருக்கும்.

மின்பொறியால் சதையை அறுத்து ரத்தத்தை நிறுத்தும் ஸ்பார்க் கேப் டயதெர்மி என்ற கருவி ஊர் ஊராக இப்படித்தான் விடைபெற்றது. உயிரோடு இருந்த காலமெல்லாம் அத்தனை இரைச்சல் போட்ட ஒன்று, போகும்போது யார் காதிலும் விழாமல் போயிற்று. அந்தப் பெட்டியோடு தொழில் படித்தவர்களில் நானும் ஒருவன். கடன்பட்டவன் என்ற முறையில் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

இன்று லேப்ராஸ்கோப்பி செய்யும் இளம் சர்ஜன்கள் கையில் நீண்ட இடுக்கி போன்ற ஒரு கருவி இருக்கிறது. 7 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள ரத்தக்குழாயை அது கவ்விப் பிடித்து, அழுத்தி, மின்சாரம் செலுத்தி, இரு சுவர்களையும் ஒரே சுவராக ஒட்டவைத்துவிடும். நூல் வேண்டாம், முடிச்சு வேண்டாம். நம் ஊர்ப் பட்டறை மொழியில் சொன்னால் அது சதைக்குச் செய்கிற வெல்டிங். அந்த வித்தையை முதன்முதலில் தெரிந்துவைத்திருந்தது மூலையில் நின்ற இந்த முரட்டுப் பெட்டிதான். அதற்கே அது முழுதாகப் புரிந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பார்வைக்கு அது ஒரு சின்ன பீரோ. மேலே கறுப்பு பேக்கலைட் திருகுகள். ஒன்று அறுக்க, ஒன்று ரத்தத்தை நிறுத்த. 'கட்', 'கோயாக்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். பக்கத்திலிருந்து இரண்டு கனத்த வயர்கள் புறப்படும். ஒன்று சர்ஜன் கையில் இருக்கும் முனைக்குப் போகும். மற்றது நோயாளியின் தொடைக்கடியில் வைக்கும் ஈயத் தகட்டுக்கு. தகட்டை உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி வைப்பார்கள். தரையில் கால் மிதி.

உள்ளேதான் அதன் உயிர் இருந்தது. எதிரெதிரே நிற்கும் டங்ஸ்டன் முனைகள், நடுவே மயிரிழை இடைவெளி. டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிவைத்த மின்னழுத்தம் தாங்காத அளவுக்குப் போனதும் அந்த இடைவெளியில் பொறி பாயும். பாய்ந்த கணத்தில் சுற்றில் மின்சாரம் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். விநாடிக்கு லட்சக்கணக்கான ஆட்டங்கள். தள்ளிவிட்ட ஊஞ்சல் போலவே அது மெல்ல அடங்கும். அடங்கியதும் அடுத்த பொறி. பெட்டியின் 'ஜ்ஜ்ஜ்' என்ற இரைச்சல் இந்தப் பொறிகளின் கூட்டொலி. கம்பியில்லாத் தந்தியின் ஆரம்பக் காலக் கருவிகளும் இப்படியே இயங்கின. 1912இல் டைட்டானிக் கப்பல் உதவி கேட்டு அனுப்பிய செய்திகூடப் பொறியில் பிறந்ததுதான். வானொலி உலகம் பொறியைக் கைவிட்டுவிட்டது. அறுவை அரங்கம் அதை மேலும் அரை நூற்றாண்டு காப்பாற்றி வைத்திருந்தது.

எங்கள் தியேட்டர் உதவியாளர் ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, அந்த முனைகளில் படிந்த கருக்கை மெல்லிய எமரித் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்வார். மிதியை ஒருமுறை தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். "தொண்டை கட்டியிருக்கு தம்பி, இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்" என்பார். இரைச்சல் ஒரே சீராக வந்தபிறகுதான் பலகையை மூடுவார். அந்தப் பெட்டிக்கு வைத்தியம் பார்த்தவர் அவர்.

இத்தனை மின்சாரம் உடம்புக்குள் போயும் நோயாளி எப்படித் துடிக்காமல் கிடக்கிறார் என்று மாணவனாக நான் வியந்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த வேகம் நரம்பையும் தசையையும் உலுக்கும், இதயத்தை நிறுத்தும். பிரெஞ்சு அறிஞர் தார்சோன்வால் 1891இல் ஓர் உண்மையைக் காட்டினார். விநாடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் ஆடும் மின்சாரம் தசையைத் துடிக்கவைப்பதில்லை, வெப்பத்தை மட்டுமே உண்டாக்குகிறது. அது ஊசி போன்ற சிறு முனையில் குவிந்தால் சதையைச் சுடும். அதே மின்சாரம் அகன்ற தகட்டின் வழியே வெளியேறும்போது பரவிப்போய் வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாது. சிறிய முனை, பெரிய தகடு. டயதெர்மியின் முழு சாத்திரமும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

நெருப்பால் ரத்தத்தை நிறுத்துவது மனிதன் வெகுகாலமாகச் செய்துவருவது. சுசுருதர் அக்கினி கர்மத்தை விரிவாகச் சொல்கிறார். நம் சித்த மருத்துவத்தின் புற மருந்துகள் முப்பத்திரண்டில் சுட்டிகையும் ஒன்று. ஐரோப்பாவில் வெட்டிய காலின் முனையைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். அந்தக் கொடுமையைப் பொறுக்க மாட்டாமல்தான் 1552இல் அம்புரோவாஸ் பாரே என்ற பிரெஞ்சு ராணுவ சர்ஜன், கால் எடுத்தபோது ரத்தக்குழாயை நூலால் கட்டி நிறுத்தினார். அதன்பின் சர்ஜனின் கைத்திறனுக்கு அளவுகோலாக நின்றது முடிச்சு. தைராய்டு அறுவையில் ரத்தக்குழாய்களைக் கவ்விய முப்பது நாற்பது ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் கழுத்தைச் சுற்றித் தொங்கும். ஒவ்வொன்றின் கீழும் நூல் செலுத்திக் கட்டி, வெட்டி, அடுத்ததற்குப் போகவேண்டும். நேரம் ஓடும்.

முடிச்சு போடவே முடியாத ஓர் இடமும் இருந்தது. மூளை. வெண்ணெய்க்கட்டி போல மிருதுவான அதன் ஆழத்தில், நூலை விடவும் மெல்லிய குழாயை எந்த விரல் எட்டிக் கட்டும்? அமெரிக்காவின் ஹார்வி குஷிங், நரம்பியல் அறுவையைத் தனித் துறையாக வளர்த்தவர், வெள்ளியில் குட்டிக் கிளிப்புகள் செய்து 1911இல் உலகுக்குச் சொன்னார். நசுக்கிய தசைத் துண்டை வைத்து அழுத்தியும் ரத்தத்தை நிறுத்தினார். இருந்தும் ரத்தம் மிகுந்த கட்டிகளுக்கு முன்னால் அவரும் தோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது.

1926 செப்டம்பர் இறுதியில் பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் அப்படி ஒரு தோல்வி நேர்ந்தது. ஒருவரின் மண்டையோட்டில் வளர்ந்திருந்த ரத்தம் மிகுந்த கட்டியை எடுக்க முயன்ற குஷிங், பெருக்கெடுத்த ரத்தத்தால் பாதியில் நிறுத்தினார். அக்கம்பக்கத்தில் புற்றுநோய் ஆய்வில் வேலை செய்துகொண்டிருந்தார் வில்லியம் டி. போவி. தாவர உடலியலில் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர், மருத்துவர் அல்ல. சதையை அறுக்கவும் ரத்தத்தை உறையவைக்கவும் ஒரு மின்பெட்டியை அவர் செய்து வைத்திருந்தார். அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார் குஷிங். அக்டோபர் 1ஆம் தேதி அதே நோயாளி மறுபடி மேசையில். போவி பெட்டியருகே நின்று திருகுகளைக் கவனித்தார். சதை கருகும் நாற்றமும் புகையும் அறையை நிறைத்தன. ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த மாணவர் மயங்கி இருக்கையிலிருந்து விழுந்ததாகக் குஷிங்கே குறித்திருக்கிறார். மூன்று நாளுக்கு முன் எடுக்க முடியாத கட்டி வெளியே வந்தது.

அதற்குப் பிறகு குஷிங் செய்த காரியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ அசையும். 'இதில் கைவைக்க முடியாது' என்று தான் முன்பு திருப்பி அனுப்பிய நோயாளிகளை அவர் மறுபடி வரவழைத்தார். கைவிட்டவர்களைக் கூப்பிட்டு, 'வாருங்கள், இப்போது முடியும்' என்று சொல்லும் வாய்ப்பு ஒரு மருத்துவருக்கு வாழ்நாளில் எத்தனை முறை கிடைக்கும்? அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்தது இந்தப் பெட்டி. 1931 ஏப்ரலில் அவர் தமது 2000ஆவது மூளைக்கட்டி அறுவையை முடித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியபோதும், அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கியபோதும், உலகெங்கும் அந்தத் துறை போவியின் பொறிக்குப் பழகிவிட்டிருந்தது.

போவிக்கு என்ன கிடைத்தது? தமது கண்டுபிடிப்பின் உரிமையைச் சின்சினாட்டியின் லீபல்-ஃப்ளார்ஷைம் நிறுவனத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தார் என்று மருத்துவ வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிட்டவில்லை. வேறு ஊர், வேறு கல்லூரி என்று நகர்ந்து, 1958இல் மெய்ன் மாநிலத்தில் அதிகம் பேர் அறியாமல் மறைந்தார். அமெரிக்க அறுவை அரங்குகளில் இன்றும், எந்த நிறுவனம் செய்த மின்கத்தியாக இருந்தாலும், "போவியைக் கொடு" என்றுதான் கேட்கிறார்கள். மனிதர் மறந்துபோனார், பெயர் தினமும் ஆயிரம் வாயில் வாழ்கிறது.

இனி எங்கள் தியேட்டருக்கு வருகிறேன். நான் எம்.எஸ். படித்தது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில், எழுபதுகளின் பிற்பகுதியில். யூனிட் தலைவரை 'சீஃப்' என்போம். அவர் வைத்திருந்த விதி ஒன்று: "சின்னதைச் சுடு, பெரியதைக் கட்டு." எது சின்னது, எது பெரியது என்பதைக் கேள்வியாகக் கேட்டால் பதில் வராது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரத்தம் பீறிடும் குழாயைச் சீஃப் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் கவ்வுவார். அதை என் கையில் கொடுப்பார். தோலின் ஓரத்தில் படாமல் அதை நான் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பட்டால் தோல் வெந்துவிடும். முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். விரல் நுனியால் லேசாகப் பிடித்தால் கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியே சுருக்கென்று சுட்டுவிடும். அப்படி வெந்த வெள்ளைப் புள்ளிகள் அந்தக் கால ஹவுஸ் சர்ஜன்கள் எல்லோர் விரலிலும் இருந்தன. "டச்" என்பேன். சீஃப் மின்முனையை ஃபோர்செப்ஸின் உடம்பில் தொட்டு மிதியை அழுத்துவார். மூலையில் பெட்டி இரையும். ஃபோர்செப்ஸ் வாயில் அகப்பட்ட சதை முதலில் வெளிறும், கொதிக்கும் முட்டையின் வெள்ளைக்கரு போல. அடுத்து ஓரத்தில் நுண்ணிய குமிழிகள். சதைக்குள்ளிருந்து ஒரு சிறு முணுமுணுப்பு. நீர் வற்ற வற்ற அந்த ஓசை மாறும். அந்த மாற்றத்தில் நிறுத்த வேண்டும்.

"காலை எடு."

பிற்பாடு மிதி என் காலுக்கு வந்தபோது சீஃப் என்னிடம் அதிகமாகச் சொன்ன சொல் இதுதான். அரை விநாடி முன்னே எடுத்தால் குழாய் ஒட்டியிருக்காது, ஃபோர்செப்ஸைத் திறந்ததும் ரத்தம் மறுபடி வரும். அரை விநாடி தாமதித்தால் சதை கருகி ஃபோர்செப்ஸில் அப்பிக்கொள்ளும், திறக்கும்போது பொருக்கோடு பிய்ந்து வந்து, நிறுத்திய ரத்தம் முன்னிலும் வேகமாகப் பீறிடும். வெளிறியதற்கும் கருகியதற்கும் நடுவில் ஒரு கணம். பெட்டிக்கு அந்தக் கணம் தெரியாது. மிதித்திருக்கும்வரை அது சுட்டுக்கொண்டேயிருக்கும். தெரிந்துகொள்ள வேண்டியது கண், காது, கால்.

அந்த ஒரு கணத்தில் சதைக்குள் நடந்ததற்குப் பெயர் 'ஒட்டுதல்' என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரத்தக்குழாயின் சுவரில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் இருக்கிறது. மூன்று இழை சேர்த்துத் திரித்த கயிறு போன்ற அமைப்பு. அறுபது அறுபத்தைந்து டிகிரி வெப்பத்தில் அந்தத் திரி அவிழத் தொடங்கும். அப்போது எதிரெதிர்ச் சுவர்கள் இறுக அழுத்தப்பட்டிருந்தால், அவிழ்ந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஆறும்போது ஒரே பொருளாகிவிடும். வெறுமனே சுட்டால் உள்ளே ஒரு ரத்த உறைவுதான் அடைப்பாக நிற்கும். அழுத்திச் சுட்டால்தான் சுவர்கள் ஒட்டும். ஆக ஃபோர்செப்ஸின் கவ்வலும் பெட்டியின் பொறியும் சேர்ந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தன. 1960களில் சீகல் என்ற அமெரிக்க சர்ஜனும் அவரோடு உழைத்தவர்களும் இதைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்தார்கள். உயர் அலைவெண் மின்சாரத்தால் குழாய் எப்படி மூடிக்கொள்கிறது என்று விளக்கினார்கள். வெட்டிய சிரையின் இரு முனைகளைத் தையல் இல்லாமல் மின்சாரத்தாலேயே இணைத்தும் பார்த்தார்கள். சர்ஜன்கள் பல்லாண்டு காலம் தினமும் செய்துகொண்டிருந்த வேலைக்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது.

இறந்தவரின் நல்லதை மட்டும் பேசுவது நம் வழக்கம். ஆனால் இந்தப் பெட்டி செய்த தீமையை மறைத்தால், அதனால் வலிபட்டவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன்.

பித்தப்பை அறுவைக்கு வந்த ஒரு பாட்டி. அறுவை நன்றாக முடிந்தது. ட்ராலிக்கு மாற்ற அவரைத் தூக்கியபோது வலது தொடையில் எட்டணா நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம், சுற்றிச் சிவந்த விளிம்பு. ஈயத் தகட்டைச் சுற்றிய துணி நடுவில் காய்ந்துபோய், தகட்டின் ஒரு மூலை மட்டும் உடம்பில் பட்டிருந்தது. பரவிப் போக வேண்டிய மின்சாரம் முழுவதும் அந்த மூலையில் குவிந்துவிட்டது. பெரிய தகடு சிறிய முனையாகிவிட்டது. மயக்கத்தில் கிடந்தவர் எப்படிச் சொல்வார்? பெட்டியும் சொல்லவில்லை. தகட்டைச் சரிபார்க்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் காலை சீஃப் நேராக அவர் கட்டிலுக்குப் போனார். "பாட்டி, தொடையில இருக்கிற புண்ணு நோயால வந்ததில்ல. எங்க கவனக்குறைவு. ஆறுறவரைக்கும் நானே கட்டுப் போடுறேன்" என்றார். பாட்டி அவரைச் சற்று நேரம் பார்த்தார். "வயித்து வலி நின்னுருச்சுல்லய்யா, அது போதும்" என்றார். புண் ஆற ஆறு வாரத்துக்கு மேல் ஆயிற்று. சொன்னபடி கட்டுப் போட்டது சீஃப்தான். அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் கத்தி வைக்குமுன் உதவி சர்ஜன் துணிக்கடியில் கைவிட்டு, தகடு முழுதும் ஈரமாகப் படிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆனது. நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இதே தீமை பல உருவத்தில் வந்தது. அந்தப் பெட்டியின் மின்சாரம் பூமியைத் தேடும். தகடு வழி அடைபட்டால் மேசையின் இரும்பு விளிம்பில், ஈ.சி.ஜி. ஒட்டிய இடத்தில் என எங்கே தொடர்பு கிடைக்கிறதோ அங்கே இறங்கும். குஷிங்குக்கே ஒருமுறை பொறி, சதையை விலக்கிப் பிடிக்கும் உலோக ரெட்ராக்டரில் தாவி, கை வழியே ஏறி, நெற்றி விளக்கு வழியாக வெளியேறியது. ஈதர் இன்னொரு பகை. மயக்கத்துக்காக மூக்கில் சொட்டும் ஈதர் பெட்ரோலைப் போலப் பற்றிக்கொள்ளும். குஷிங் ஓர் அறுவையில் நெற்றி எலும்பின் காற்றறையைத் திறந்தபோது நீலச் சுடர் எழுந்ததைப் பதிவு செய்திருக்கிறார். எங்கள் காலத்திலும் ஈதர் ஓடிக்கொண்டிருந்தால் மயக்க மருத்துவர், "பெட்டியத் தள்ளி வைங்க" என்பார். அன்று எல்லாம் முடிச்சுதான். தீப்பிடிக்காத மயக்க மருந்தான ஹாலோதேன் 1956இல் புழக்கத்துக்கு வந்து, மெல்ல எங்கும் பரவிய பிறகே பொறிக்கு முழுச் சுதந்திரம் கிடைத்தது.

சிறிய தொந்தரவும் உண்டு. பொறி பாயும்போது அது ஒரு வானொலி நிலையமும்கூட. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடக்கும் நாட்களில் வெளியே யாராவது டிரான்சிஸ்டர் வைத்திருப்பார்கள். நாங்கள் மிதியை அழுத்தும்போதெல்லாம் வர்ணனை கரகரவென்று கிழிந்துபோகும். வர்ணனை போனால் பாதகமில்லை. ஈ.சி.ஜி. மானிட்டர்கள் தியேட்டருக்குள் வந்தபின், பெட்டி இரைந்தால் திரையில் இதயத்தின் கோடு கிறுக்கலாகிவிடும். அந்த நேரத்தில் மயக்க மருத்துவர் விரலால் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீடியோ கேமரா வைத்து வயிற்றுக்குள் பார்த்து அறுவை செய்யும் காலம் வந்ததும், படத்தைக் கலைக்கிற ஒரு பெட்டிக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

உண்மையில் அதன் முடிவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1940இல் ஜேம்ஸ் கிரீன்வுட் என்ற அமெரிக்க நரம்பியல் சர்ஜன், இடுக்கியின் இரு முனைகளுக்கு நடுவில் மட்டும் மின்சாரம் ஓடும்படி ஒரு முறையைச் சொன்னார். 1950களில் லெனார்ட் மாலிஸ் அதைச் செம்மைப்படுத்தினார். தொடையில் தகடே வேண்டாம், மின்சாரம் உடம்பெங்கும் அலையாது. எழுபதுகளில் டிரான்சிஸ்டர்கள் பொறியின் வேலையைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டன. பூமியைத் தேடாத, தனித்த மின்சுற்று வந்தது. எண்பதுகளில் தகடு சரியாகப் படியாவிட்டால் தானே நின்றுபோகும் பெட்டிகள் வந்தன. பாட்டியின் தொடையில் விழுந்த அந்த வட்டத்துக்கு நான் அறிந்த முழுமையான பதில் அதுதான்.

தொண்ணூறுகளின் இறுதியில் வாரிசு பிறந்தது. லிகாஷூர் போன்ற, குழாயை ஒட்டவைக்கும் கருவிகள். அவை கவ்வும், அளவோடு அழுத்தும், துடிப்புத் துடிப்பாக மின்சாரம் செலுத்தும். செலுத்திக்கொண்டே சதை எவ்வளவு மின்தடை காட்டுகிறது என்று கணத்துக்குக் கணம் அளக்கும். நீர் வற்றினால் தடை ஏறும் அல்லவா, அதை வைத்து ஒட்டியாயிற்று என்று தெரிந்துகொள்ளும். தானே நிறுத்தி, 'பீப்' என்று சொல்லும். ஒட்டிய இடம் சாதாரண ரத்த அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். சீஃப் காதால் கேட்ட ஓசை மாற்றத்தைத்தான் அந்த இயந்திரம் எண்ணால் அளக்கிறது.

இந்தக் குடும்பத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான கிளை உக்ரைனில் இருக்கிறது. கீவ் நகரத்தில் பாட்டன் மின்வெல்டிங் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. எவ்கெனி பாட்டன் 1934இல் தொடங்கியது. நீப்பர் ஆற்றின் மேல் முழுக்க வெல்டிங்கால் கட்டி 1953இல் திறந்த பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மகன் போரிஸ் பாட்டன், 101 வயது வாழ்ந்து 2020இல் மறைந்தவர், தொண்ணூறுகளில் தம் பொறியாளர்களை சர்ஜன்களோடு உட்காரவைத்தார். இரும்பை ஒட்டத் தெரிந்தவர்கள் உயிருள்ள சதையை ஒட்டக் கற்றார்கள். குழாயை அடைப்பதோடு நில்லாமல், வெட்டிய சதையின் விளிம்புகளை நூலின்றி இணைக்க முயன்றார்கள். அவர்களுடைய மருத்துவ வெல்டிங் கருவி அங்குள்ள மருத்துவமனைகளில் வேலைக்கு வந்தது. பாலத்தின் இரும்புத் தகட்டை இணைத்த அதே அக்கறை குடலின் மெல்லிய சுவர் மேல் திரும்பியதை நினைத்தால் மனம் நிறைகிறது.

புதியது நல்லதா, பழையது நல்லதா என்று என்னைக் கேட்டால் தயங்காமல் புதியது என்பேன். நோயாளிக்கு எது பத்திரமோ அதுவே நல்லது. அந்தப் பெட்டி திரும்பி வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அதோடு போன ஒன்றைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நிறுத்தத் தெரியாத கருவியோடு வேலை செய்ததால் நிறுத்தக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அது. சதையின் நிறத்தைப் பார், ஓசையைக் கேள், காலை எடு என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லியிருந்தார்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஒட்டும் கருவியோடு பெருங்குடல் அறுவை ஒன்று செய்துகொண்டிருந்தேன். குடலுக்கு வரும் குழாயைக் கவ்வி மிதியை அழுத்தினேன். சதை வெளிறியது. ஓரத்தில் குமிழி. அந்தப் பழைய முணுமுணுப்பு. என்னை அறியாமல் என் கால் மேலே வந்துவிட்டது.

"சார், இன்னும் பீப் வரலை" என்றார் சிஸ்டர்.

அவர் சொன்னது சரி. இந்தக் கருவிக்கு அதன் கணக்கு முடியும்வரை மிதி கீழே இருக்க வேண்டும். மறுபடி அழுத்தினேன். பீப் வந்தது. கவ்வலைத் திறந்து பார்த்தேன். குழாய் இருந்த இடத்தில் விளக்கு வெளிச்சம் ஊடுருவுகிற ஒரு மெல்லிய பட்டை, ஒரு துளி ரத்தமில்லை. கருகலும் இல்லை. நாற்பது ஆண்டுக்கு முன் சீஃப் காட்டித்தர முயன்ற அந்த வெளிறல் இதுதான். அதை இவ்வளவு சுத்தமாக நான் ஒருமுறையும் செய்ததில்லை. மூலையைத் திரும்பிப் பார்த்தேன். பெட்டி நின்ற இடத்தில் வேறொரு திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.